நாளேடு என்னும் வகுப்பறை



2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆறு வார காலத்துள் நடந்த இரு நிகழ்வுகளை என்னால் தனித்தனியே நினைத்துப் பார்க்க இயலவில்லை. பிப்ரவரி முதல் நாள் தொட்டு ‘தமிழ் நேசன்’ நாளேடு வெளிவரவில்லை. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய அவ்வேடு, நூற்றாண்டு காண ஐந்தே ஆண்டுகள் எஞ்சியிருக்கையில், தொடர் நட்டம் தாங்காமல் விடைபெற்றது. அடுத்து மார்ச் 7ஆம் நாள், இங்கே ஜொகூரில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட வேதிக்கழிவின் நச்சுக்காற்றைச் சுவாசித்து, அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்கள் பாதிப்புற்றனர். மார்ச் 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

என் பள்ளி அவ்வட்டாரத்திற்கு வெளியே உள்ளது. ஆயினும் அன்றிரவு பெற்றோரின் புலனக் குழுக்களில் செய்திகள் மழையாகப் பொழிந்தன. நச்சுக்காற்று நகர் முழுவதும் பரவுகிறது என்றும், மறுநாள் ஜொகூர் பாருவின் எல்லாப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்றும் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பெயரில்லை; நாளில்லை; அறிவித்தவர் எவர் என்பதுமில்லை. பிள்ளைகளின் நலன் கருதுவதாக எண்ணிக்கொண்டு நானும் அதனை என் வகுப்புக் குழுவிற்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எங்கள் பள்ளி வழக்கம்போல் திறந்திருந்தது. என் வகுப்பில் பாதி நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. மாலையில் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகத் தொழிற்சாலை வேலைக்குச் செல்லாமல் ஒருநாள் சம்பளத்தை இழந்தவர் அவர். “டீச்சர், நீங்க அனுப்பினதாலதான் நம்பினோம்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே எனக்குப் பெரிதும் வலித்தது.

தவறான செய்தி முற்காலத்திலும் உண்டு. ஆனால், செய்திக்கும் நமக்கும் இடையே அன்று ஒருவர் நின்றார். அவர் யார் என்பதை அறிய நம் இதழியல் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஏடுகள் நடத்திய பள்ளி

1887இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வார ஏட்டைத் தொடங்கினார். இந்நிலப்பகுதியில் தமிழர் நடத்திய தொடக்ககால ஏடுகளுள் அது ஒன்று. பின்னர் 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ ஏட்டைத் தொடங்கி, ஒரு காசு விலையில் விற்றார். தோட்டத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை அது. சிங்கப்பூரில் அச்சான ஏடு மலாயாத் தோட்டங்களின் லயங்கள்வரை சென்றது.

இவ்வேடுகள் செய்தி சொன்னதோடு நின்றுவிடவில்லை. 1950ஆம் ஆண்டுவாக்கில் ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஏட்டின் வழியே புதியவர்களுக்குக் கதை எழுதப் பயிற்சி அளித்தனர். ‘தமிழ் முரசு’ தன் பங்கிற்கு மாணவர் மணிமன்றத்தை நடத்தியது. பிற்காலத்தில் இரு நாடுகளிலும் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் அப்பக்கத்தில்தான் முதன்முதலாக எழுதினர். ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்றதை, அந்த ஏட்டாசிரியர்கள் முன்னரே செய்து காட்டியிருந்தனர்.

எனக்கும் அப்பேறு வாய்த்தது. குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் ஒட்டுக்கடைக்கு வரும் ஒரே நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தேநீரோடு கேட்பர். பத்து வயதில் கோயில் திருவிழாவைப் பற்றி எட்டு வரிகள் எழுதி, ஓர் ஏட்டின் ஞாயிறு பதிப்பிற்கு அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து அது மூன்று வரிகளாக வெளிவந்தது. றகர, ரகரப் பிழைகள் நீங்கியிருந்தன. ‘ஏராளமான மக்கள்’ என்று நான் எழுதியது ‘தோட்ட மக்கள்’ என மாறியிருந்தது. எங்கள் திருவிழாவிற்கு வந்தவர்கள் தோட்ட மக்கள் மட்டுமே என்பது, முகமறியாத அவ்வாசிரியருக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது. செய்திக்கும் நமக்கும் இடையே நின்றவர் அவரே.

கணினி வந்தது, கைப்பேசி வந்தது

மின்னியல் யுகத்தில் தமிழ் பின்தங்கிவிடவில்லை. அதற்கு வழிவகுத்தவர்களுள் நம்மவரும் அண்டை நாட்டவரும் உளர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான இணையத்தளத்தில் தமிழ் எழுத்துகள் தோன்றச் செய்தவர் நா. கோவிந்தசாமி, அவரும் ஆசிரியரே. 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய நம் நாட்டவரான முத்து நெடுமாறன், 2005இல் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வகைசெய்தார். 2012இல் ‘செல்லியல்’ இணைய ஊடகம் பிறந்தது.

மலேசியாவில் இணையச் செய்தி விரைந்து வளர்ந்ததற்குத் தனிக் காரணமும் உண்டு. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அச்சு ஏடுகளுக்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 2012வரை ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று பல்லூடகப் பெருவழித் திட்டத்தின்போது அரசு உறுதியளித்தது. அந்த இடைவெளியில்தான் 1999 நவம்பரில் ‘மலேசியாகினி’ தோன்றியது. 2008 பொதுத்தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தபோது, இணையப் போரில் தாங்கள் தோற்றதை அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியே ஒப்புக்கொண்டார்.

ஆகவே, அச்சுக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்றுவது நேர்மையாகாது. ஏட்டின் திருத்தும் கை சில வேளைகளில் உரிமத்திற்கு அஞ்சியது. சில வேளைகளில் உரிமையாளரின் கட்சிக்கு வளைந்தது. இணையம் அக்கட்டினைத் தளர்த்தியது. ‘சிங்கை நேசன்’ பக்கங்களைக்கூட இன்று வீட்டிலிருந்தே காண முடிகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் அவற்றை மின்வடிவாக்கியுள்ளது.

ஏடுகளின் வீழ்ச்சிக்கு இணையம் மட்டுமே காரணமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோதே, ஓர் ஏட்டைச் சுற்றிக் கூடியிருந்த வாசகர் கூட்டம் சிதறிவிட்டது. எஞ்சிய விளம்பர வருவாயைக் கூகுளும் முகநூலும் ஈர்த்துக்கொண்டன.

திருத்துநர் எங்கே?

இன்று எழுதுவோர் பெருகிவிட்டனர், திருத்துவோர் அருகிவிட்டனர். 2017இல் தொடர்பு, பல்லூடக ஆணையம் பொய்ச்செய்திகளைச் சரிபார்க்க ‘செபெனார்ஞா’ என்னும் தளத்தைத் தொடங்கியது. 2018இல் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2025 ஜனவரி முதல், மலேசியாவில் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்திப் பரிமாற்றச் செயலிகளும் உரிமம் பெறவேண்டும் என்ற விதி நடப்பிற்கு வந்தது. இவையெல்லாம் பெரிய வாயில்களுக்குப் போடும் பூட்டுகள். அன்றிரவு என் விரல் அழுத்திய பொத்தானை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது.

அந்தத் தாய் அழைத்த மாலையே, நான் அனுப்பியது பொய்ச்செய்தி என்று அதே குழுவில் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பின்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அதன் பயனாக எங்கள் வகுப்பில் ஒரு சுவரேடு பிறந்தது. இரு வாரத்திற்கொருமுறை வெளிவரும் அவ்வேட்டில், ஒவ்வொரு செய்தியின் கீழும் இரண்டு பெயர்கள் இருக்கும்: ஒன்று எழுதியவர் பெயர், மற்றொன்று சரிபார்த்தவர் பெயர். யார் சொன்னார், எப்போது, எங்கே, உனக்கு எப்படித் தெரியும் என்ற நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே இரண்டாமவர் கையொப்பம் இடுவார்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி என் செய்தியிலேயே பிழை கண்டாள். பள்ளி விளையாட்டுப் போட்டியின் நாளை நான் தவறாக எழுதியிருந்தேன். கையொப்பமிட மறுத்துத் தாளைத் திருப்பித் தந்தாள். நானும் திருத்திக் கொடுத்தேன்.

நம் ஏடுகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நமக்குச் செய்துவந்த பணி இது. அந்தப் பணி இப்போது நம் வீடுகளையும் வகுப்பறைகளையும் வந்தடைந்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் அந்த நான்கு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.