கட்டட வேலை படுத்தால் கொத்தனார், சித்தாளுக்கு யார் துணை? வாரிய அட்டையை மறக்காதீங்க!

காரைக்குடி: அரண்மனை மாதிரி வீடுகளுக்கு பேர் போனது செட்டிநாடு. பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி கல் என்று இழைத்துக் கட்டிய வீடுகள் அவை. ஆனால் அந்தக் காசு உள்ளூர் காசு இல்லை. பர்மா, மலேயா, இலங்கையில் நகரத்தார் செய்த வட்டித் தொழிலில் வந்தது. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த வரவு நின்றது. பெரிய வீடு கட்டும் வேலையும் படுத்து விட்டது.

வெளியில் பணம் முடங்கினால் முதல் அடி கட்டடத் தொழிலாளிக்குத்தான். இன்றைக்கும் கதை இதுதான்.

அடி மேல் அடி

2016 நவம்பர் 8-ந்தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க மேஸ்திரி கையில் சில்லரை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, சிமெண்டுக்கு 28 சதவீத வரி. ஆற்று மணல் தட்டுப்பாட்டால் பலரும் எம்-சாண்டுக்கு மாறினார்கள். 2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. சாரம் கட்டிய கட்டடங்கள் பாதியிலேயே நின்றன.

பிறகு வேலை மெல்லத் திரும்பியது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் வரி 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. வீடு கட்டுவோருக்கு இது ஆறுதல்தான். ஆனால் வேலை இல்லேன்னா அன்னைக்கு கூலி இல்லை என்ற நிலை மட்டும் மாறவில்லை.

அட்டை இருந்தவர்களுக்கு கிடைத்தது

அந்த நேரத்தில் கை கொடுக்கத்தான் 1994-ல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் தொடங்கப்பட்டது. 2020 ஊரடங்கின்போது, ரேஷன் கார்டுக்கு கொடுத்தது போக, வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு தனியாக 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் அறிவிக்கப்பட்டது. அதே சாரத்தில் நின்று வேலை பார்த்தும், பதிவு செய்யாதவர்களுக்கு இது இல்லை.

இது யாரும் போடும் பிச்சை அல்ல. கட்டடம் கட்டுபவரிடம் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை செஸ் வசூலிக்க 1996-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. சிறிய சொந்த வீடுகளுக்கு விலக்கு உண்டு. 2025 நவம்பர் 21-ந்தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் செஸ் தொடர்கிறது. நீங்கள் எழுப்பும் சுவரில் இருந்து வரும் பணம்தான் அது.

என்ன செய்யணும்?

18 முதல் 60 வயது வரை உள்ள கொத்தனார், நிமிந்தாள், சித்தாள், தச்சர், பெயிண்டர், கம்பி கட்டுபவர், எலக்ட்ரீசியன், பிளம்பர் எல்லோரும் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, மரணத்துக்கு உதவித்தொகை உண்டு. 60 வயதுக்கு மேல் பென்ஷன். பதிவுக்கு கட்டணம் கிடையாது.

ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், வயதுச் சான்று, வேலைச் சான்றுடன் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். கெடு முடியும் முன் அட்டையை புதுப்பிப்பது முக்கியம். பெட்டியில் கிடக்கும் காலாவதி அட்டை ஆபத்துக்கு உதவாது. வீட்டில் அட்டை இருந்தால் இன்றைக்கே எடுத்து தேதியைப் பாருங்கள்.