பிளாட்டினம் இல்லாத பிளாட்டினம்

பழைய காடிகளைப் பழுதுபார்க்கும் பெங்கெல்களில் ‘பிளாட்டினம்’ என்றொரு சொல் உண்டு. காலையில் காடி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போய் நின்றால், “பிளாட்டினம் தேஞ்சிருக்கும், தேய்ச்சுப் போட்டா ஓடிரும்” என்பார் போமன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் இரண்டு சின்னத் தொடுமுனைகளைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். 1970களில் நம் சாலைகளில் ஓடிய டட்சன் 120ஒய் போன்ற காடிகளில் அந்த முனைகள் டங்ஸ்டனால் ஆனவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேக்னீட்டோ காலத்தில், அவை உண்மையாகவே பிளாட்டினம் கலந்த உலோகத்தில் செய்யப்பட்டன. விலை அதிகமென்று உலோகத்தை மாற்றினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

‘போமன்’ என்ற சொல்லுக்கும் அதே கதைதான். ஆங்கிலத்தில் ஃபோர்மேன் என்றால் வேலையாட்களை மேற்பார்க்கும் மனிதர். மலாய்ப் பேச்சுக்குள் வந்ததும் அந்தச் சொல், காடிக்கு அடியில் ஸ்பானரோடு படுத்திருப்பவரைக் குறிக்கத் தொடங்கியது. தமிழர்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பெங்கெல் பேச்சை இப்படிக் கவனிக்கத் தொடங்கியபோது எனக்கு ஒன்று தெளிவானது. ஸ்டார்ட் ஆகாத காடியில் ஒரு போமன் பழுதைத் தேடும் வரிசைக்குள்ளேயே மோட்டார் வாகன வரலாறு படிந்து கிடக்கிறது.

அவருடைய முதல் கேள்வி, “சாவியத் திருப்பினா என்ன சத்தம் வருது?” ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. காடிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் முன்கூட்டியே பற்றிக்கொண்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். எஞ்சினைச் சுழற்றும் அளவு பலமுள்ள மின்மோட்டாரைக் காடிக்குள் வைக்க முடியாது, அவ்வளவு பெரிதாக இருக்கும் என்றே பொறியாளர்கள் எண்ணினார்கள். சார்ல்ஸ் கெட்டரிங் வேறு விதமாக யோசித்தார். அவர் அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்கச் சுழல வேண்டியதில்லை, ஓரிரு நொடி மூச்சைப் பிடித்து உழைத்தால் போதும். அந்தக் கணக்கையே காடிக்கும் போட்டார். 1912 மாடல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தது.

“சாவியப் பிடிச்சுக்கிட்டே இருக்காதே, விட்டு விட்டுத் திருப்பு” என்று போமன் அதட்டும்போது பேசுவது அந்தக் கல்லாப்பெட்டிக் கணக்குதான். ஸ்டார்ட்டர் சில நொடிகளுக்கு மட்டும் தன் சக்திக்கு மீறி உழைக்கும்படி செய்யப்பட்டது. விடாமல் திருப்பினால் மோட்டார் சூடேறும், பேட்டரி இறங்கும். ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் அவர் முன்விளக்கைப் போட்டுப் பார்ப்பார். சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கிச் செத்தால் பேட்டரியையோ அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையோ கவனிக்க வேண்டும். விளக்கு அசையாமல் எரிந்தால் சந்தேகம் ஸ்டார்ட்டர் பக்கம் போகும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையென்றால் அடுத்த கேள்வி, “பொறி வருதா?” இதுவும் கெட்டரிங் விட்டுச்சென்றதுதான். பேட்டரி, காயில், தொடுமுனை மூன்றையும் சேர்த்த அவருடைய ஏற்பாடு 1910 காடிலாக்கில் வந்தது. முனைகள் விலகும் கணத்தில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கும். முனைகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்தில் அது மாறினால் பொறி பலவீனப்படும். மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினாலும் பொறி வழிதவறிப் போகும். உலர்ந்த துணியால் துடைத்ததுமே ஓடிய காடிகள் நம் ஊரில் எத்தனையோ.

கடைசியாகத்தான் பெட்ரோல். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அசைத்துக் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். வெயிலில் ஓடி நின்ற காடியில், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதுண்டு. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம்.

என் பெரியப்பா இந்த வரிசையை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தோட்டத்தை விட்டு வந்து, ஒரு சீனரின் பெங்கெலில் கிரீஸ் துடைப்பதில் தொடங்கியவர். மலாய், ஹொக்கியன், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்த சொற்களில் காதால் கற்றுக்கொண்டார். 1985 ஜூலை 9 அன்று ஷா ஆலாமில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. தேசியக் காடி என்று நாடே கொண்டாடியது. மூடியைத் திறந்தால் உள்ளே மிட்சுபிஷி எஞ்சின், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர். டட்சனில் பழகிய கைக்கு அது அந்நியமில்லை. சாகா ஏறுமுகத்தில் இருந்த ஆண்டுகளில் பெரியப்பா போன்றவர்களும் ஏறினார்கள். சொந்தப் பெங்கெல், வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு.

பிறகு பொறியும் பெட்ரோலும் கணினியின் பொறுப்புக்குப் போயின. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் காடிகளுக்கும் ஒரே மாதிரிப் பழுதறியும் துளை கட்டாயமானது. உலகம் முழுக்க அந்த முறை பரவியது. இன்று ஸ்கேனரைச் செருகினால் குறியீடு வரும். இதற்காக நான் வருந்தவில்லை. என் காடி தினமும் காலையில் ஒரே திருப்பில் ஓடுகிறது, அதற்குக் காரணம் அந்தக் கணினிதான். ஆனால் பி0300 என்று திரையில் வந்தால், சிலிண்டர்களில் சரியாகப் பற்றவில்லை என்று மட்டுமே பொருள். காரணம் பொறியா, பெட்ரோலா, அமுக்கமா என்று அது சொல்லாது. அங்கிருந்து பெரியப்பாவின் வரிசைக்குத்தான் வர வேண்டும்.

பெரியப்பா சென்ற ஆண்டு பெங்கெலை மூடினார். நம்மவர்களின் ரப்பர் தோட்டத்தையும் சயாம் மரண ரயிலையும் எழுதி வைத்திருக்கிறோம். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நகரத்தில் கற்ற தொழில்களுக்கு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. பிளாட்டினம் ஏன் பிளாட்டினம் என்று கேட்டால் பதில் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெரியப்பா சொல்லும் சொற்களை அவர் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது, அவர் இன்னும் கிளட்சுக்கு வரவில்லை.