பேயும் சட்டமும் (9): பன்னிரண்டு கினிக் கடன்

ஜேம்ஸ் மன்னர் காலத்து 1604-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1736-இல் எவ்வாறு ரத்து செய்தது என்பதை இந்த வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அந்த வாக்கை நிறைவேற்றும் எண்ணத்துடனேதான் எழுத உட்கார்ந்தேன். சூனியம் என்பதே குற்றமன்று, சூனியம் செய்ய வல்லேன் என்று பாசாங்கு செய்வதுதான் குற்றம் என்று சட்டம் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னும், லண்டன் நகரத்துப் பிரபுக்களும் பாதிரிமாரும் ஒரு சிறுமியின் கட்டிலைச் சூழ்ந்து நின்று பேயிடம் சாட்சி கேட்ட கதையை முன்னுரையாக ஒரு பாராவில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பாரா என் பேச்சைக் கேட்கவில்லை. அச்சுக்கூடத்துப் பையனோ வாசலில் நிற்கிறான். ஆகையால் சட்டம் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

ஸ்மித்ஃபீல்டு கால்நடைச் சந்தைக்குப் பக்கத்தில், 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீ வந்து அணைந்த மூலையிலிருந்து பிரியும் குறுகிய சந்துக்குக் காக் லேன் என்று பெயர். அருகிலிருந்த செயின்ட் செபல்கர் கோயிலில் எழுத்தனாக இருந்த ரிச்சர்டு பார்சன்ஸ் என்பவன், வருமானத்தைவிடத் தாகம் அதிகமுள்ளவன், அங்கே குடியிருந்தான். 1759-இல் அவன் வீட்டு மேல்மாடிக்கு வாடகைக்கு வந்தவர்கள், நார்ஃபோக்கில் வட்டித்தொழில் செய்துவந்த வில்லியம் கென்ட் என்பவரும், அவர் மனைவி என்று ஊரார் எண்ணிய ஃபானியும். உண்மையில் ஃபானி, கென்ட்டின் இறந்துபோன மனைவியின் தங்கை. அக்காள் பிரசவத்தில் மாண்டபோது பெற்ற பிள்ளை உயிருடன் பிறந்து பின்னர் இறந்ததனால், தங்கையை மணக்கத் திருச்சபை விதி இடங்கொடாது என்று கென்ட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். மணமில்லாமலே இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருவருக்கொருவர் சொத்தை எழுதியும் வைத்துக்கொண்டார்கள். இந்த இரகசியத்தைக் கென்ட் வீட்டுக்காரனிடம் சொன்னார். அதோடு நில்லாமல், மாதம் ஒரு கினியாகத் திருப்பித் தரும் நிபந்தனையில் அவனுக்குப் பன்னிரண்டு கினி கடனும் கொடுத்தார். தன் இரகசியத்தையும் தன் பணத்தையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தவரை நான் இரக்கத்துடன் பார்க்கிறேனே ஒழிய, புத்திசாலி என்று சொல்ல மாட்டேன்.

கென்ட் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் சென்றிருந்த நாட்களில், கர்ப்பிணியான ஃபானி தனியே படுக்க அஞ்சி, பார்சன்ஸின் மூத்த மகள் எலிஸபெத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் சுவரில் முதன்முதல் தட்டலும் பிறாண்டலும் கேட்டன. அண்டை வீட்டுச் செருப்புத் தைப்பவர் இராவேலை செய்கிறார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சத்தம் கேட்கவே, செத்த அக்காள் தங்கையைக் கண்டிக்க வந்திருக்கிறாள் என்றார்கள். தம்பதிகள் வீட்டைக் காலிசெய்து கிளார்க்கன்வெல் பக்கம் போனார்கள். 1760 பிப்ரவரி 2-ஆம் தேதி ஃபானி பெரியம்மையால் இறந்தாள். வழக்கு வரக்கூடும் என்று அஞ்சிய கென்ட், சவப்பெட்டியின்மேல் பெயர்த்தகடு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரில்லாப் பெட்டி செயின்ட் ஜான் கோயில் நிலவறையில் வைக்கப்பட்டது.

கடன் மட்டும் சாகவில்லை. கென்ட் வழக்குத் தொடுத்துப் பார்சன்ஸிடமிருந்து பணத்தை வசூலித்தார். அதன் பின்னர், 1762 ஜனவரி மாதத்தில், காக் லேன் வீட்டில் சத்தம் மீண்டும் பேரெழுச்சி பெற்றது. இம்முறை வந்தது அக்காளின் ஆவி அன்று, ஃபானியின் ஆவியே. மெதடிஸ்டுக் கொள்கையில் சாய்வுள்ள ஜான் மூர் என்ற பாதிரியார் கேள்விகள் கேட்டார்; ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு, கோபம் என்றால் பிறாண்டல். பார்சன்ஸ் வீட்டு ஸ்திரீயான மேரி ஃப்ரேஸர் அறையெல்லாம் ஓடி ஓடி ஃபானியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரவழைப்பாள். இந்தத் தட்டுகளின் வழியாக ஆவி வெளியிட்ட செய்தி, தனக்கு மூலிகை கலந்த பீரில் பாஷாணம் வைத்துக் கொடுத்தவர் கென்ட் என்பது. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால், பேய்க்குத் தட்டுவதைத் தவிர வேறு வேலை ஏது? மூர் வஞ்சகர் அல்லர், அதுதான் அவர் செய்த பெரிய தீங்கு. வஞ்சகனுக்கு ஒரு நாள் அலுப்புத் தட்டும். நம்பிக்கையுள்ளவருக்கு அலுப்பே இல்லை. டெட்வர்த் முரசைப் பற்றி நான்காம் அத்தியாயத்தில் படித்தவர்களுக்கு இந்த ஜாதி மனிதரை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பத்திரிகைகள் இதை எடுத்துக்கொண்டதும், சந்தில் வண்டிகள் நகர முடியவில்லை. சுற்றிலுமிருந்த மதுக்கடைகள் கொழுத்தன. ஜனவரி 30-ஆம் தேதி இரவு, ஹோரஸ் வால்போல் இசைநாடகம் பார்த்து முடித்து, அரசரின் தம்பியான யார்க் கோமகனையும் சீமாட்டிகள் இருவரையும் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவையும் சேர்த்துக்கொண்டு, ஐவருமாக ஒரே வாடகை வண்டியில் மழையில் வந்து இறங்கினார். ஒரே மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் ஐம்பது பேர் நெருக்கியடித்த அறையில் இரவு ஒன்றரை மணி வரை நின்றார்கள். பேய் வரவில்லை; காலை ஏழு மணிக்குத்தான் வரும் என்று பதில் கிடைத்தது. ஓராண்டுக்கு முன் இதே ஜனவரியில் நம் புதுச்சேரிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்த சாம்ராஜ்யத்தின் இளவரசர், ஒரு கோயில் எழுத்தன் வீட்டு மாடியில் நனைந்த உடையுடன் நின்று, பேயின் சௌகரியத்தைக் கேட்டறிந்து திரும்பினார்.

இங்கேதான் டாக்டர் ஜான்சன் நுழைகிறார்; நான் பேனாவின் கடிவாளத்தை இழந்ததும் இங்கேதான். ஐம்பத்திரண்டு வயது, பார்வை மங்கிய கண்கள், சதா இழுத்துக்கொள்ளும் அங்கங்கள், தனி மனிதராக ஓர் அகராதியையே கட்டி முடித்த உழைப்பு. மறுமையை நம்பியவர், ஆவி உண்டா என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் கைவிடாதவர். ஆகவே சிரிப்பதற்காக அன்றி, உண்மையாகவே அறிய விரும்பி அவர் வந்தார். கிளார்க்கன்வெல் பாதிரியார் ஆல்ட்ரிச் கூட்டிய குழுவில் ஒருவராக, பிப்ரவரி முதல் தேதி இரவு, சிறுமி எலிஸபெத்தைப் பெண்கள் உடை சோதித்துப் படுக்கவைத்த வீட்டில் அவர் காத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஆண்கள் கீழே இறங்கியதும் மேலே தட்டல் கேட்டது. ஆவி ஓர் எலியைப்போல் தன் முதுகில் ஊர்வதாகச் சிறுமி சொன்னாள். கைகளைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைக்கச் சொன்னார்கள், சத்தம் நின்றுபோயிற்று. நிலவறைக்கு வந்தால் தன் சவப்பெட்டிமேல் தட்டிக் காட்டுவதாக ஆவி முன்பே வாக்களித்திருந்தபடியால், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு எல்லோரும் செயின்ட் ஜான் கோயிலுக்குப் போனார்கள். வாக்குப் பெற்ற கனவான் கீழே இறங்கி அழைத்தார். மௌனம். பிறகு கென்ட்டே இறங்கினார். பாஷாணம் வைத்ததாகத் தன்னைக் குற்றஞ்சாட்டிய பெண்ணின் பெட்டிக்கு எதிரே, குளிர்காலத்து நள்ளிரவில், அந்த மனிதர் நின்ற நிமிஷங்களை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அப்போதும் மௌனந்தான்.

சிறுமிக்கு ஏதோ சத்தம் எழுப்பும் சாமர்த்தியம் இருக்கிறது, இதில் மேலான சக்தி எதற்கும் இடமில்லை என்று ஜான்சன் அறிக்கை எழுதினார். இதற்கு உலகம் கொடுத்த கூலி என்ன? கவிஞர் சார்லஸ் சர்ச்சில் அவரையே நையாண்டிப் பாட்டில் ‘பொம்போஸோ’ என்று பெயரிட்டு, பேயை நம்பிய மூடராக வரைந்து வைத்தார். நம்பியவர்கள் கூட்டத்தில் கலந்து தப்பிவிட்டார்கள். விசாரிக்கப் போனவருக்குத்தான் கேலி.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எலிஸபெத்துக்கு அப்போது வயது பன்னிரண்டு அளவில். பேய் ஒலி மறுபடி கேளாவிட்டால் அவளும் தாய் தந்தையரும் நியூகேட் சிறைக்குப் போவார்கள் என்று அவளிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகே, கெண்டி வைக்கும் சிறு பலகையை, ஆறங்குலத்துக்கு நாலங்குலம் இருக்கும், அவள் உடைக்குள் ஒளித்ததை வேலைக்காரப் பெண்கள் கண்டார்கள். அன்று அவள் எழுப்பிய சத்தம் பழைய சத்தத்தைப்போல் இல்லை என்று கேட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள். பேயை நம்பியவர்கள் அந்தக் குழந்தையை இரவு இரவாகத் தூங்கவிடவில்லை. நம்பாதவர்கள் மிரட்டிப் பலகையைத் தூக்கவைத்தார்கள். இரு தரப்பாரிலும் எனக்கு வீரர் எவரும் இல்லை.

ஜூலை 10-ஆம் தேதி கில்டுஹாலில் மான்ஸ்ஃபீல்டு பிரபு முன்னிலையில் வழக்கு நடந்தது. குற்றச்சாட்டு, கென்ட்டின் உயிருக்கும் பெயருக்கும் எதிரான கூட்டுச்சதி. நான் வாக்களித்த 1736-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கேயும் தலைகாட்டவில்லை பாருங்கள். ஃபானிக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அம்மை என்றே சாட்சி சொன்னார்கள். மூர் பாதிரியாரும் ஒரு வியாபாரியும் கென்ட்டுக்கு 588 பவுன் கொடுத்துத் தப்பினார்கள். பார்சன்ஸுக்கு இரண்டு ஆண்டுச் சிறையும், மூன்று முறை தலையையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்தும் தண்டனையும், மனைவிக்கு ஓராண்டும், மேரி ஃப்ரேஸருக்கு ஆறு மாதமும் கிடைத்தன. மரச்சட்டத்தில் நின்றவர்மேல் அழுகிய முட்டையும் கல்லும் எறிவது லண்டன் ஜனங்களின் வழக்கம். பார்சன்ஸ்மேல் அவர்கள் எதையும் எறியவில்லை. அவனுக்காகப் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள்.

ஃபானியின் உடலைக் கென்ட் திருட்டுத்தனமாக அகற்றிவிட்டார் என்ற வதந்தியை அடக்க, விசாரணை நடந்த அந்தப் பிப்ரவரியிலேயே பாதிரியார் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே இருந்த காட்சி மிகக் கோரம் என்று சொன்னார்கள். 1845-இல் ஆர்ச்சர் என்ற ஓவியர் அதே நிலவறைக்குப் படம் வரையப் போயிருந்தபோது, துணைக்கு வந்த பையன் ஒரு பெட்டியைக் காட்டி, இதுதான் பிறாண்டும் ஃபானி என்றானாம். ஓவியர் மூடியை நகர்த்தி, அழகிய நாசியுடன், கெடாமல் இருந்த ஒரு பெண்ணின் முகத்தைக் கண்டார். அம்மைத் தழும்பு எதுவும் தென்படவில்லை. பாஷாணம் பிரேதத்தைக் கெடாமல் வைக்கும் என்பவர்கள் உடனே கென்ட்டின் பெயரை மறுபடி எடுத்தார்கள். அது எவளுடைய முகமோ! பெட்டியில் பெயர் இல்லை.

(சட்டம் அடுத்த வாரம்.)