எல்லைக் கோடும் அணி மாறும் இளைஞர்களும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், பொழியூர்க் கடற்கரை முடியுமிடத்தில் நீரோடி தொடங்குகிறது. முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. இடையில் இருப்பது மணல் மட்டுமே. இரு பக்கத்துச் சிறுவர்களும் அந்த மணலில் வெறுங்காலுடன் பந்தை உதைத்துத்தான் வளர்கிறார்கள். எனினும் பொழியூரில் பிறந்தவன் தேறினால் சந்தோஷ் கோப்பையில் பெரும்பாலும் கேரளத்துக்கு ஆடுவான். நீரோடியிலோ தூத்தூரிலோ பிறந்தவன் தமிழ்நாட்டுக்கு ஆடுவான். எந்த அணிக்கு ஆடுவது, எந்த அணியை விட்டு வருவது என்ற கேள்வியில் ஓர் இளைஞனின் விருப்பத்துக்கு முன்பே ஒரு நிலவரைபடம் குறுக்கிட்டுவிடுகிறது.

அந்த வரைபடத்தின் கதை பலரும் அறிந்ததே. 1953 டிசம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மொழிக் கணக்கே கோட்டுக்கு அடிப்படையானது. ஆனால் இந்தக் கரையோரப் பேச்சைத் தமிழ் என்றோ மலையாளம் என்றோ வெட்டிப் பிரிப்பது மொழியியலாருக்கே எளிதன்று.

கோடு எல்லாவற்றையும் பிரித்துவிடவில்லை. தூத்தூர் வட்டாரத்துப் பங்குகள் இன்றளவும் திருவனந்தபுரம் லத்தீன் பேராயத்தின் கீழ்தான் உள்ளன. திருச்சபை எல்லையைத் தாண்டியது. விளையாட்டுச் சங்கங்கள் எல்லைக்குக் கட்டுப்பட்டன. 1951-52 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்த திருவிதாங்கூர்-கொச்சி அணி, 1957-58இல் கேரள அணியாயிற்று. நீர், நெல், மொழி எனப் பலவும் பேசப்பட்ட எல்லை விவாதத்தில் பந்தைப் பற்றி யார்தான் நினைத்திருக்கப் போகிறார்கள்!

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை விளையாட்டு என்பது இப்பகுதியில் வேலைக்கான வழி. காவல்துறை, வங்கி, மின்வாரியம், ரயில்வே, திருவனந்தபுரம் டைட்டானியம் ஆலை ஆகியவற்றின் அணிகளில் இடம் கிடைத்தால் மாதச் சம்பளம் உறுதி. ஆகவே அணியை விட்டு விலகுவது சம்பளத்தை விட்டு விலகுவதாகவே பொருள்பட்டது. 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணியிலிருந்து ஐ.எம். விஜயனும் வி.பி. சத்யனும் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குச் சென்றது அதனாலேயே பெருஞ்செய்தியாயிற்று. விஜயன் பின்னர் காவல்துறைக்கே திரும்பினார். சத்யன் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். காக்கிச் சட்டையை எளிதில் கழற்றிவிட முடியாது என்பதற்கு இவ்விருவர் வாழ்வும் சான்று.

இந்தப் பின்னணியில்தான் சாம்சன் விசுவநாத்தின் முடிவைப் பார்க்க வேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்தின் வடபகுதியில், விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளை என்னும் கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த குடும்பம் அது. அவர் தில்லி காவல்துறையில் காவலர், கால்பந்து வீரர், சந்தோஷ் கோப்பையில் தில்லிக்காக ஆடியவர். பந்து அவருக்குத் தலைநகரில் அரசு வேலையும் காவலர் குடியிருப்பில் வீடும் தந்திருந்தது. 1994 நவம்பர் 11 அன்று பிறந்த அவருடைய இளைய மகன் சஞ்சு வளர்ந்ததும் கிரிக்கெட் கற்றதும் தில்லியில்தான்.

தில்லியின் 13 வயதுக்குட்பட்டோர் அணி துருவ் பாண்டவ் கோப்பைக்குத் தேர்வு செய்யப்பட்டபோது சஞ்சுவின் பெயர் அதில் இல்லை. (18 வயதிலேயே விபத்தில் இறந்துபோன பஞ்சாப் வீரர் ஒருவரின் பெயரால் அமைந்த கோப்பை அது.) தேர்வாகாத சிறுவர்கள் ஆயிரம் பேர் உண்டு. பெரும்பாலோர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பார்கள், அல்லது மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பைப் பார்ப்பார்கள். சாம்சன் விசுவநாத் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். காவல்துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். குடும்பம் கேரளத்துக்குத் திரும்பியது. தந்தையைக் கரையிலிருந்து வெளியே அழைத்துச் சென்றது விளையாட்டு கொடுத்த வேலை. அந்த வேலையைக் கொடுத்துத்தான் மகனுக்கு ஒரு மாநிலத்தை அவர் மீட்டுக்கொண்டார்.

இதை ஒரு தந்தையின் தியாகக் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. தில்லியில் ஓர் இடத்துக்குப் போட்டியிடுவோர் மிகுதி. கேரளமோ அந்நாளில் ரஞ்சியின் கீழ்ப்பிரிவில் ஆடிய அணி. திறமை ஒன்றாக இருந்தாலும் வாசலின் அகலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பூர்வீகம் என்ற சொல்லுக்கு உணர்ச்சி மதிப்பு மட்டுமல்லாமல் பதிவு மதிப்பும் இருந்ததால்தான் அந்தத் திரும்புதல் பலித்தது. சஞ்சு 2011 நவம்பரில், 17 வயது நிறைவதற்குச் சில நாட்களுக்கு முன், விதர்பாவுக்கு எதிராகக் கேரளத்துக்காக ரஞ்சியில் அறிமுகமானார். 2015இல் ஹராரேயில் இந்தியாவுக்காக ஆடினார். அண்ணன் சாலியும் அதே புலம்பெயர்வில் ஊர் திரும்பியவர்தான். அவர் இளையோர் நிலையில் கேரளத்துக்கு ஆடினார். ஒரே முடிவு இரு பிள்ளைகளுக்கு இரு விளைவு தந்ததைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லைக்கு இப்பால் நடந்தது வேறு. இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்று, 2018இல் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற சென்னை சிட்டி அடுத்த பருவத்திலேயே, 2018-19இல், ஐ-லீக் பட்டம் வென்றது. அவரோ 2019இல் ஏடிகே அணிக்கு மாறி, 2019-20 ஐ.எஸ்.எல். பட்டத்தில் பங்குபெற்றார். ஆக, கணக்கு நேராயிற்று என்று தோன்றும். ஆனால் 2020 நவம்பரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், கால்மணி நேரம்கூட ஆகாத நிலையில், முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். இக்காலத்துத் தொழில்முறை ஒப்பந்தத்தில் ஊரோ பிறப்போ கேட்கப்படுவதில்லை; முழங்கால்தான் கேட்கப்படுகிறது. முந்தைய தலைமுறைக்கு இருந்த வங்கி வேலை போன்ற காப்பு அதில் இல்லை.

2025 ஜனவரியில் பழைய கேள்வி புல்லுவிளைக் குடும்பத்துக்கே திரும்பி வந்தது. விஜய் ஹசாரே கோப்பைக்கான கேரள அணியில் சஞ்சுவின் பெயர் இடம்பெறவில்லை. வயநாட்டில் நடந்த முகாமுக்கு அவர் வராததைச் சங்கம் காரணமாகக் காட்டியது. வேறு மாநிலத்துக்குப் போய்விடலாம் என்ற பேச்சு அப்போது குடும்பத்தின் தரப்பிலிருந்தே பொதுவெளியில் எழுந்தது. ஆனால் உள்நாட்டுக் கிரிக்கெட்டில் மாநிலம் மாற, விட்டுச்செல்லும் சங்கத்திடமே தடையில்லாச் சான்று கேட்டுப் பெற வேண்டும். மனக்கசப்பு யாரோடு உண்டோ, அவரிடமே அனுமதிக்கு நிற்கும் ஏற்பாடு அது.

அவர் போகவில்லை. அந்த ஆண்டு கேரள கிரிக்கெட் லீக்கில் கொச்சி அணிக்கு ஆடினார். அணித்தலைவர் அண்ணன் சாலி; பட்டமும் அவர்களுக்கே. நவம்பரில், ராஜஸ்தான் ராயல்ஸ் அணியிலிருந்து சென்னை சூப்பர் கிங்ஸுக்கு மாறினார். ஈடாக ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். களியக்காவிளை எல்லையைக் கடந்து சென்னையின் பெயர் தாங்கிய ஓர் அணிக்கு வர, இம்முறை பிறப்புச் சான்றும் வேண்டியிருக்கவில்லை, தந்தையின் வேலையும் வேண்டியிருக்கவில்லை. ரஞ்சிக் கோப்பைப் பதிவேட்டில் மட்டும் அவர் மாநிலம் கேரளம் என்றே இருந்தது.