மணியா, ஓலையா?

1753-ஆம் வருஷம், நவம்பர் மாதம் 28-ஆம் தேதி. பொழுது விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. திருவரங்கத் தீவில் முகாம் போட்டிருந்த பிரெஞ்சுப் படை ஓசைப்படாமல் காவேரியைக் கடந்து, திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் வடமேற்கு மூலைக்கு அருகே வந்து நின்றது. அங்கே 'டால்ட்டன் பாட்டரி' என்று ஒரு பீரங்கி மேடை. சுமார் 600 ஐரோப்பிய வீரர்கள் ஏணி சார்த்தி அதன்மேல் ஏறினார்கள். துப்பாக்கியைச் சுடவே கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த கண்டிப்பான உத்தரவு. மேடைக் காவலுக்கு இருந்த சிப்பாய்களோ உறங்கிக் கொண்டிருந்தார்கள். உறக்கத்திலேயே அவர்கள் கதை முடிந்தது.

இன்னும் கால் மணி நேரம் அந்த மௌனம் நீடித்திருந்தால் தென்னாட்டுச் சரித்திரம் எந்தத் திசையில் போயிருக்குமோ, சொல்ல முடியாது. ஆனால் மேடைக்கும் உட்சுவருக்கும் நடுவில் முப்பதடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. முன்னால் பாய்ந்த சிலர் இருட்டில் அதற்குள் விழுந்தார்கள். ஒரே அலறல்! துப்பாக்கிகள் வெடித்தன. இனி மறைத்துப் பயனில்லை என்று கண்ட பிரெஞ்சுக்காரர்கள் மேடையிலிருந்த பீரங்கிகளையே ஊர்ப்பக்கம் திருப்பிச் சுட்டு, தங்கள் மன்னருக்கு வாழ்த்தும் முழங்கினார்கள். காவற்காரன் அடிக்க வேண்டிய மணியைத் திருடனே அடித்துவிட்ட விந்தை இது!

கோட்டைத் தலைவர் காப்டன் கில்பாட்ரிக் காயம் பட்டுப் படுக்கையில் கிடந்தார். எழுந்து ஓட அவரால் ஆகாது. லெப்டினென்ட் ஹாரிஸன் என்பவரைக் கூப்பிட்டு, கைவசம் இருந்த படையுடன் அந்த மேடைக்குப் போகச் சொன்னார். மற்றவர்கள் அவரவர் காவலிடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார். குண்டுபட்டு ஏணிகள் நொறுங்கின. ஏறியவர்களுக்கு இறங்க வழியில்லை. விடிந்தபோது 300 பேருக்கு மேல் கைதிகளாக நின்றார்கள்.

பீரங்கி ஓசை ஊரை எழுப்பியது, வாஸ்தவம். ஆனால் ஓசை சொன்னது "ஆபத்து" என்ற ஒரே வார்த்தைதான். எத்தனை பேர், எந்த மதில், இது மெய்யான தாக்குதலா, வேறு பக்கம் நுழைவதற்கான ஏமாற்றா? இதையெல்லாம் அது சொல்லவில்லை. ஓசை கேட்ட பக்கமே எல்லோரும் ஓடியிருந்தால் மற்ற மூன்று மதில்களின் கதி என்ன?

இந்தச் சங்கடம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. திருவாரூரில் மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைப் பசு அடித்தபோதும், அடித்தது யார் என்று மன்னன் வெளியே வந்து பார்க்க வேண்டியிருந்தது. காரணம் என்ன என்பதை அமைச்சர் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது. பிற்காலச் சோழர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய கல்வெட்டுகளில் 'திருமந்திர ஓலை' என்று ஓர் உத்தியோகஸ்தரைக் காண்கிறோம். மன்னன் வாய்மொழியை எழுத்தில் வடிப்பது அவர் வேலை. யாருக்கு, எதைப் பற்றி என்பதெல்லாம் அந்த ஓலையிலேயே இருக்கும்.

மணியிலிருந்து ஓலைக்கு வந்த இதே யாத்திரையைக் கம்ப்யூட்டர் என்னும் யந்திரமும் நம் காலத்தில் செய்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள் 'கெர்னல்' என்று ஒரு காரியஸ்தன் உண்டு. வட்டு, வலைப்பின்னல் அட்டை, விசைப்பலகை முதலிய சிப்பந்திகளை மேய்ப்பது அவன் பொறுப்பு. ஆதியில், "உன் வேலை முடிந்ததா, உன் வேலை முடிந்ததா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். பொழுதெல்லாம் கேள்வியிலேயே போய்விடும். 1954-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிலையம் அமைத்த 'டைஸியாக்' என்ற யந்திரத்தில், சிப்பந்தியே காரியஸ்தனைக் கூப்பிட்டு அவன் கைவேலையை நிறுத்தச் செய்யும் ஏற்பாடு வந்தது. இதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர்.

கூப்பிடுவதற்குக் கம்பி வேண்டும். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.ஸி.யில் எட்டே கம்பிகள். 1992-இல் வந்த 'பி.ஸி.ஐ.' முறையில் ஓர் அட்டைக்கு நான்கு கம்பிகள்; அவற்றையும் பல அட்டைகள் பங்கு போட்டுக் கொண்டன. ஒண்டுக் குடித்தன வீட்டின் வாசல் மணி மாதிரிதான். மணி அடித்தால் கெர்னல் ஒவ்வொரு குடித்தனமாகப் போய், "உங்களுக்கா?" என்று கேட்க வேண்டும். யாருமே "எனக்கு" என்று சொல்லாவிட்டால்? லினக்ஸ் கெர்னல் பொறுமைசாலி. ஒரு லட்சம் தடவையில் 99,900 தடவை கேட்பாரற்றுப் போன பிறகே, "யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதி வைத்துவிட்டு அந்தக் கம்பியை அடைத்துவிடும். அதே கம்பியை நம்பியிருந்த மற்றவர் பாடு திண்டாட்டந்தான்.

இதைவிடப் பொல்லாதது இன்னொன்று. காவேரிக்குப் பாலமில்லாத காலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் நெல் மூட்டைகளை ஓடத்தில் ஏற்றிவிட்டு, "அனுப்பியாயிற்று" என்று மணி அடிக்கிறார்கள். ஓசை ஒரு நொடியில் தென்கரைக்கு வந்துவிடும். ஓடமோ நட்டாற்றில்! கணக்குப்பிள்ளை மணியை நம்பிப் பேரேட்டில் வரவு வைத்துவிட்டால் இல்லாத நெல்லுக்குக் கணக்கு எழுதியவர் ஆவார். கம்ப்யூட்டரில் வட்டிலிருந்து வரும் விவரங்கள் நடுவழியில் தங்கும் இடத்துக்கு, வேடிக்கையைப் பாருங்கள், 'பிரிட்ஜ்' என்றே பெயர். பாலத்திலே சரக்கு நிற்க, மணி முந்திக் கொள்ளும். ஆகையால் கெர்னல் மறுபடியும் அக்கரைக்கு ஆள் அனுப்பி, அவன் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். மறந்தால், பழைய விவரத்தைப் புதிது என்று எண்ணிப் படித்துவிடும்.

1998-இல் வெளியான பி.ஸி.ஐ. விதிகளில்தான் பரிகாரம் பிறந்தது. தனிக் கம்பி வேண்டாம். விவரங்களை எழுதுகிற அதே வழியில், குறித்த ஒரு முகவரிக்கு ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதும். அதுவே அழைப்பு. ஓலையும் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் அடுத்த ஓடத்தில் வருகிறது. முன் ஓடத்தை அது முந்தக் கூடாது என்பது துறையின் சட்டம். ஆகவே ஓலை கைக்கு வந்தால் நெல்லும் வந்துவிட்டது என்றே அர்த்தம். ஓர் அட்டை 32 விதமான ஓலைகள் வரை அனுப்பலாம். பிறகு வந்த விரிந்த முறையில் 2048. இன்ன ஓலை இன்ன செயலிக்கு என்று பங்கிடவும் முடியும்.

மணிக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை மறைப்பது நியாயமல்ல. பதில் கிடைக்கும் வரை அது ஓயாது. ஓலையோ ஒருமுறைதான் வரும். வாங்கி வைக்கத் தவறினால் அனுப்பியவன் பதிலுக்குக் காத்துக் கிடப்பான். போதாக்குறைக்கு, ஆரம்ப காலத்து யந்திரப் பலகைகள் சில ஓலையை நடுவழியில் தொலைத்துவிட்டன. அப்படிப்பட்ட பலகைகளுக்கு லினக்ஸ் தனி ஜாபிதாவே வைத்திருக்கிறது. அவற்றில் பழைய மணியே கதி.

ஓலை வந்ததும் கெர்னல் செய்வது என்ன? படுக்கையிலிருந்த கில்பாட்ரிக் செய்ததேதான். வந்த வேலையைத் தானே முழுக்கச் செய்துகொண்டு நிற்பதில்லை. அவசரமானதை மட்டும் குறித்துக் கொண்டு, மிச்சத்தை ஒரு ஹாரிஸனிடம் ஒப்படைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பழைய வேலையைத் தொடர்கிறது. அது நேரம் கடத்தினால் அடுத்த ஓலைகள் வாசலில் குவிந்துவிடும்.

தஞ்சாவூர் சாலையில் துவாக்குடிக்கு அருகே, 1964-இல் ரீஜனல் என்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளை யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், லினக்ஸ் யந்திரத்தில் இன்டரப்ட் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரிக் கட்டளைதான். எந்தச் சிப்பந்தி, எந்தச் செயலியை, இதுவரை எத்தனை தடவை அழைத்தது என்று வரிவரியாக வந்து நிற்கும். பல வரிகளில் 'பி.ஸி.ஐ.-எம்.எஸ்.ஐ.' என்று போட்டிருக்கும், அவையெல்லாம் ஓலைக்காரர்கள். இரண்டாம் தடவை கேட்பதற்குள் அந்த எண்கள் ஏறியிருக்கும்.