இரும்புக் கூண்டும் ஒரு வரைபடமும்

சுரங்கம்னா நமக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும். வானம் தெரியுற திறந்தவெளிச் சுரங்கம். இன்னைக்குக் கதை நடக்கிற இடம் வேற. மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் பக்கம் மகாபீர் சுரங்கம், பூமிக்கு அடியில.

1989 நவம்பர் 13 இரவு. பக்கத்துப் பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைச்சுக்கிட்டு உள்ளே வந்துடுச்சு. 71 பேர் மாட்டிக்கிட்டாங்க. 6 பேர் இறந்துட்டாங்க. மிச்ச 65 பேர் உள்ளேயே தண்ணீர் ஏறாத இடத்தில் ஒதுங்கினாங்க. ஆனா வெளியே வர்ற வழி மொத்தமும் வெள்ளம். அதை இறைச்சு முடிக்கிற வரைக்கும் அவங்க தாங்கணுமே?

அப்போ ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், பழைய வழியை விட்டுட்டு மேலேயிருந்து புதுசா ஒரு துளை போட்டு, ஓர் ஆள் மட்டும் நிற்கிற இரும்புக் கூண்டை அதில் இறக்கலாம்னு சொன்னார். கையில் கூண்டு கிடையாது, அவசரமா செஞ்சாங்க. நவம்பர் 16-ல் கில் தானே அதில் இறங்கினார். 65 பேரையும் ஒவ்வொருத்தரா மேலே அனுப்பிட்டு, கடைசியாத்தான் அவர் ஏறினார். 2023-ல் வந்த ‘மிஷன் ராணிகஞ்ச்’ படம் இந்தக் கதைதான்.

இந்த யோசனைக்கு முன்னோடி உண்டு. 1955-ல் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் 3 பேரை இப்படித்தான் மீட்டாங்க. அந்தக் கூண்டின் விட்டம் வெறும் 38.5 சென்டிமீட்டர்! 1963-ல் லெங்கெடே சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தப்போ, 14 நாள் கழிச்சு 11 பேர் அதே மாதிரி கூண்டில் உயிரோட வந்தாங்க.

ஆனா துளை போடுறதுலயும் ஆபத்து இருக்கு. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள்ள அமுக்குங்க. உள்ளே காற்று நிற்கும். அடியில் ஓட்டை போட்டா? காற்று போயிடும், தண்ணீர் ஏறிடும். 2002-ல் அமெரிக்காவின் கியூகிரீக் சுரங்கத்தில் இதைச் சமாளிக்க, துளை வழியா அழுத்தமான சூடான காற்றை உள்ளே செலுத்திக்கிட்டே இருந்தாங்க. 9 பேரும் பிழைச்சாங்க.

2018 ஜூலை, தாய்லாந்துக் குகை. 12 சிறுவர்கள், ஒரு கோச். மலையைத் துளைச்சு இறங்க வழி கிடைக்கலை. பயத்தில் தண்ணீருக்குள்ள திமிறக் கூடாதுன்னு மயக்க மருந்து கொடுத்து, முழு முகத்துக்கும் மாஸ்க் போட்டு, டைவர்கள் வெளியே கொண்டு வந்தாங்க. 13 பேரும் தப்பினாங்க.

அதே வருஷம் டிசம்பர் 13. மேகாலயாவில் எலிவளைச் சுரங்கம் ஒன்றில் வெள்ளம். 15 தொழிலாளர்கள் உள்ளே. பம்ப் வந்தது, கடற்படை டைவர்கள் வந்தாங்க. ஒருத்தரைக்கூட உயிரோட மீட்க முடியலை. உள்ளே எது எங்கே போகுதுன்னு காட்டும் வரைபடமே இல்லைன்னு உச்ச நீதிமன்றத்திலேயே அரசு சொன்னது. எப்படி இருக்கும்? அந்த மாதிரிச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை பண்ணிடுச்சு. அது சட்டவிரோதமா நடந்த சுரங்கம்.

கில் மாதிரி ஒருத்தர் அங்கே இருந்திருந்தாலும், எந்த இடத்தில் துளை போடச் சொல்லியிருப்பார்? கூண்டை மூணு நாளில் செஞ்சிடலாம். வரைபடம் மட்டும் விபத்துக்கு முன்னாடியே இருக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.