கலஹா வீதியும் கணக்கேடும்: மலையகத்திற் புள்ளிவிபரவியற் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்லும் பிரதான வீதிக்குக் கலஹா வீதி என்று பெயர். ஹிந்தகலையைக் கடந்து மலையேறும் அவ்வீதி, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கலஹா என்னும் சிறு நகரைச் சென்றடைகிறது. வீதியின் ஒரு முனையிற் புள்ளிவிபரவியலை உயர்கல்வியாகப் போதிக்கும் துறை இருக்கிறது. மறுமுனையிலோ, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் எண்ணப்பட்டும் நிறுக்கப்பட்டும் ஏட்டிற் பதியப்பட்டும் வந்த ஒரு மக்கட் கூட்டம் வாழ்கிறது. எண்ணப்பட்டோரின் பிள்ளைகளுக்கு எண்ணும் கலை எப்பொழுது, எவ்வாறு கற்பிக்கப்படலாயிற்று, இன்று அதனை எங்கிருந்து தொடங்கிக் கற்பித்தல் தகும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலஹாவுக்கு அப்பால் உள்ள லூல்கந்துராத் தோட்டத்திலேயே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அதற்கு முன்னர் கோப்பிக் காலத்திலேயே தோட்டம் என்பது ஒரு கணக்கேட்டு நிறுவனமாக உருப்பெற்றுவிட்டது என்பது அத்துணை பரவலாக உணரப்படவில்லை. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவனை மாற்றிய துண்டு முறை, 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, மனிதனைத் தொகையாக எழுதிவைத்தது. தேயிலை வந்த பின்னர் மடுவத்துத் தராசு இவற்றோடு சேர்ந்துகொண்டது. செக்ரோல் என்னும் பேரேட்டில் ஒரு நாள் உழைப்பு ‘பேர்’ எனவும், குறைந்தது ‘அரைப்பேர்’ எனவும் பதியப்பட்டது. ஒரு மனிதனின் பெயரைக் குறிக்கும் சொல்லே அவன் நாட்கூலியின் அலகுமாயிற்று. மொழியியலாளர் இதனை ஒரு சுவையான பொருள்மாற்றமாகக் கொள்ளக்கூடும். எமக்கோ இது மலையகத்தின் முதலாவது புள்ளிவிபரவியற் சொல்லாகவே தோன்றுகிறது.

தோட்டம் எண்ணியது போலவே அரசும் எண்ணியது. இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871இல் நடைபெற்றது. 1901ஆம் ஆண்டுக் கணிப்பை நெறிப்படுத்தி அதன் அறிக்கையை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அவரே பின்னர் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் தோன்றிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1919இல் தொழிலாளர் சேமநலச் சங்கம் அமைத்துத் தோட்டத் தொழிலாளரைப் பிணித்த தண்டனைச் சட்டங்களுக்கு எதிராகவும் குரலெழுப்பினார். பேராதனையில் மாணவர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணிப்பு, பல்கலைக்கழகம், தொழிலாளர் உரிமை ஆகிய மூன்றும் ஒரே மனிதரிற் சந்தித்தமை தற்செயலன்று எனவே நாம் கருதுகிறோம். மக்களை எண்ணியவர் மக்களின் நிலையைக் கண்டார். ஆயின் 1911ஆம் ஆண்டுக் கணிப்பிலே தமிழர் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு நிரல்களாகப் பிரிக்கப்பட்டனர். அந்நிரற் பிரிவின் அரசியல் விளைவுகளைப் பின்னர் நோக்குவோம்.

இவ்வளவு எண்களின் நடுவே பிறந்த பிள்ளைக்குக் கிடைத்த கல்வி யாது? 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து ஆறு முதற் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அப்பொறுப்பை வலியுறுத்தியது. 1945இல் நாடெங்கும் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலையின் வாயிலில் நின்றுவிட்டது. லயத்தின் ஓரத்து ஒற்றை மண்டபத்தில், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்த அக்கல்வியில் எழுத்தும் கூட்டல் கழித்தலும் இருந்தன. செக்ரோலில் தன் தாயின் பேர்களைக் கூட்டிப் பார்க்கும் அளவுக்கு அது போதியதாயிருக்கலாம். அப்பேரைத் தீர்மானித்த நியமம் எவ்வாறு வந்தது எனக் கேட்கும் அளவுக்குப் போதாது. காணிச் சீர்திருத்தத்தால் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதை அடுத்து, 1977 முதற் படிப்படியாகவே தோட்டப் பாடசாலைகள் அரச பாடசாலைகளாயின. 1980களின் நடுப்பகுதியிற் சுவீடனின் உதவியும் வந்தது. ஆகவே, மலையகத் தொழிலாளியின் பிள்ளை இடைநிலை வகுப்பிற் கணிதத்தின் பகுதியாகப் புள்ளிவிபரவியலைச் சந்தித்தமை பெருமளவுக்குக் கடந்த நான்கு, ஐந்து தசாப்தங்களின் செய்தியே.

இன்று ஆறாந் தரத்திலிருந்து தரவுகளைத் திரட்டுதலும், பின்னர் மீடிறன் பரம்பல், வட்ட வரைபு, திரள் மீடிறன் வளையி, காலணையிடை வீச்சு, நிகழ்தகவு என்பனவும் படிப்படியாகப் போதிக்கப்படுகின்றன. உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் தனிப்பாடமாகவும் உண்டு. இவற்றைத் தமிழிற் கற்பிக்கத் தேவையான கலைச்சொற்கள், தாய்மொழிப் போதனை உயர் வகுப்புகளுக்கு விரிந்த காலத்தில் ஆக்கப்பட்டவை. தமிழகத்தாரின் கூட்டுச் சராசரி எமக்கு இடை. அவர்தம் இடைநிலை அளவு எமக்கு இடையம். முகடு எமக்கு ஆகாரம். நிகழ்வெண் எமக்கு மீடிறன். இடையும் இடையமும் ஈரெழுத்து வேறுபாட்டால் மாணவரை மயக்குவன என்பதையும், ஆகாரம் என்றதும் வகுப்பிற் சிரிப்பொலி எழும் என்பதையும் கற்பித்தோர் அறிவர். ஆயினும் சொல்லன்று இங்குள்ள முதன்மையான இடர். இடை, இடையம், ஆகாரம் ஆகிய மூன்றும் ஒரே தரவிலிருந்து மூன்று வெவ்வேறு விடைகளைத் தரும்பொழுது எதனை எவர் தெரிவு செய்கிறார், அத்தெரிவால் எவருக்கு நயம் என்னும் வினா வகுப்பில் எழுவதில்லை. சூத்திரம் மனனமாகிறது, பரீட்சை முடிகிறது.

இங்கிலாந்தில் 1975 முதல் 1981 வரை ஷெபீல்டை மையமாகக் கொண்டு நடைபெற்ற பாடசாலைப் புள்ளிவிபரவியற் கல்வித் திட்டம், சூத்திரத்திலிருந்து தொடங்காது மாணவர் வாழ்வின் பிரச்சினையிலிருந்து தொடங்குக என்றது. கலஹாவில் அத்தகைய பிரச்சினையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மடுவத்துக்குச் சென்றாற் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு தரவைக் கற்பனை செய்வோம். ஒரு பெண் தொழிலாளி பத்து நாள்களிற் பறித்த கொழுந்து, ஏறுவரிசையில், 12, 13, 14, 14, 15, 16, 17, 18, 24, 27 கிலோ எனக் கொள்க. கூட்டுத்தொகை 170, இடை 17. இடையம் 15.5, ஆகாரம் 14. இப்பொழுது தோட்டம் ‘சராசரி எதுவோ அதுவே நியமம்’ என்று கூறி 17 கிலோவை ஒரு முழுப்பேருக்கு உரிய அளவாக வைக்கிறது. கேட்பதற்கு இது நியாயமாகவே ஒலிக்கும். அவளுடைய சொந்தச் சராசரியைத்தானே அவளிடம் கேட்கிறார்கள்? ஆனால் பத்து நாளில் நான்கு நாளே அவள் அந்நியமத்தை எட்டுகிறாள். எஞ்சிய ஆறும் அரைப்பேர். கொழுந்து மலிந்த இரண்டு நாள்களின் 24உம் 27உம் இடையை மேலே இழுத்துவிட்டன. வறண்ட நாள்களுக்கு அந்த இடையே அளவுகோலாயிற்று. தொலைவிலுள்ள பெறுமானங்களால் இடை ஈர்க்கப்படும், இடையம் அவ்வாறு ஈர்க்கப்படாது எனப் பாடநூல் ஒரு வரியிற் கூறுவது ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்காக மாறும் இடம் இது.

இன்னும் ஒரு படி செல்வோம். கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என நிறுவையிலிருந்து கிலோக்களைக் கழிப்பது மலையகத்தின் நெடுங்கால முறைப்பாடுகளுள் ஒன்று. நாளொன்றுக்கு 2 கிலோ கழிக்கப்படுவதாகக் கொண்டால், ஒவ்வொரு தரவிலிருந்தும் ஒரு மாறிலி கழிபடும். இடை 15 ஆகும். வீச்சு முன்போலவே 15; நியம விலகலும் மாறாது. பரீட்சை வினாவுக்கு இவ்வளவே விடை. முழுப்பேர் கிடைக்கும் நாள்களை எண்ணிப் பார்த்தாலோ, நான்கு இரண்டாகிவிடுகிறது! இடையில் எட்டிலொன்றுக்குச் சற்றுக் குறைந்த வீழ்ச்சி, முழுப்பேரிற் பாதியைக் கொண்டுபோகிறது. எழுமாற்று வழுவுக்கும் முறைசார் வழுவுக்கும் உள்ள வேற்றுமையை இதனிலும் தெளிவாக உணர்த்தும் உதாரணத்தை நாம் அறியோம். தராசின் முள் ஒருநாள் இப்பக்கமும் மறுநாள் அப்பக்கமும் பிழைத்தால் நாளடைவிற் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். என்றும் ஒரே பக்கம் பிழைக்கும் தராசை எத்தனை நாள் நிறுத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

பெல்ஜிய வானியலாளர் கெற்றலே 1835இல் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை வெளியிட்டார். வானத்துப் பொருள்களை அளப்பதிற் பயன்பட்ட இடையை மனிதருக்குப் பொருத்தி, அச்சராசரியையே இலட்சியமாகவும், அதிலிருந்து விலகுவதை வழுவாகவும் கொண்டார் அவர். அவ்வறிஞர் தேயிலைச் செடியைக் கண்டிருப்பாரோ அறியோம். எனினும் நியமத்தை எட்டாதவளைக் குறைபாடுடையவளாகக் காணும் கணக்கேட்டின் தத்துவம் அவர் சிந்தனைக்கு அந்நியமானதன்று.

வகுப்பறைக்குள் தொழிற்சங்கத்தை அழைத்து வருவதா எனச் சிலர் வினவுவர். கிரிக்கெட் ஓட்டங்களும் மழைவீழ்ச்சியும் போதாவா என்பர். அவையும் வேண்டியனவே. ஆயின் கலஹாவின் பிள்ளைக்கு எண் என்பது முதலில் வீட்டில் அறிமுகமாவது கிலோவாகவும் பேராகவுமே. அதனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் ஒரு பக்கச்சார்புதான்.

அரசின் எண்களும் அவ்வாறே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டு, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. தொடர்ச்சியான வதிவை நிரூபிக்குமாறு கேட்கப்பட்டபொழுது, தலைமுறைகளாக எண்ணப்பட்ட மக்களிடம் எண்ணியதற்கான கடதாசி இருக்கவில்லை. அது துரையின் அலுவலகத்தில் இருந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என வகுத்தது. மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இற் சரிபாதியாக்கினர். முதலிரு தொகைகளையும் சுருக்கினால் 7:4 வரும். அவ்விகிதம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான சட்டத்திலும் இடம்பெற்றது. விகிதம் கற்பிக்கும் வகுப்பொன்றில், இவ்விகிதத்தில் ஒரு குடும்பத்தை எவ்வாறு பிரிப்பது என எந்த மாணவராவது கேட்டால், ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடலாகாது.

இவற்றின் தொடர்ச்சியே குடிசன மதிப்பின் நிரல். 1971இல் இந்தியத் தமிழர் 11 இலட்சத்து 74 ஆயிரமளவினர். மொத்தக் குடித்தொகையில் 9.3 வீதம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமளவினர், 5.5 வீதம். 2012இல் 4 வீதத்தைச் சற்றே கடந்த ஒரு தொகை. இதனை ஒரு சலாகை வரைபாக வரையுமாறு மாணவரைப் பணித்தால், சரிவு கண்ணுக்குத் தெரியும். அடுத்த வினாவே முக்கியமானது: குறைந்தது மக்களா, அந்நிரலிற் பெயர் எழுதியோரா? ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா சென்றோர் பெருங்காரணம். கணிப்பில் இலங்கைத் தமிழர் எனத் தம்மைப் பதிந்துகொண்டோரும் ஒரு காரணம். சலாகை இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. வரைவிலக்கணத்தை அறிந்தவரே வேறுபடுத்த இயலும். நகரம், கிராமம், தோட்டம் என நாட்டை மூன்றாக வகுக்கும் திணைக்களத்தின் அட்டவணைகளும் இத்தகையனவே. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10 பேருக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் உள்ளதே அவற்றிலே தோட்டம். டெய்லரின் அந்த 19 ஏக்கரைத் தனியே எடுத்தால், அது தோட்டத் துறையிற் சேராது!

இக்கணிப்பு அறிக்கைகளிற் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றிலிருந்து மலையகம் தொடர்பான அட்டவணைகளைத் தெரிந்து, வரைவிலக்கணங்களோடு தமிழில் ஒரு சிறு தொகுப்பாக்கிக் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பாடசாலைகளின் கணித ஆசிரியரிடம் சேர்ப்பது, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்று ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய பணியேயாகும். 1911ஆம் ஆண்டின் நிரற் பிரிவிலிருந்து அதனைத் தொடங்கலாம்.